குறத்தி சொன்ன மலை

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். விழுது என்று பதில் வந்தால் வேன் பிடிப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் மறுபடி போன் வரும். இந்தக் கேள்விக்குள் ஊர் கிடையாது, மலை கிடையாது, அங்கே இருக்கிற மனுஷர்களும் கிடையாது. இன்றைக்கு விழுகிற தண்ணீர் மட்டும்தான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீருக்கு அப்படி ஒரு இழுப்பு உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டும்போது மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்று மறிப்பதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். ஆனால் செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. ஈரக்காற்று அந்த வழியாகப் புகுந்து வந்து தூவுவதைத்தான் நாம் சாரல் என்கிறோம். மலைமேல் பெய்ததோ சிற்றாறாக இறங்கி, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து, கடைசியில் பேரருவியாக ஊருக்குள் வருகிறது. பேரருவி நேராகத் தலையில் வந்து விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகுதான் கீழே வருகிறது. நாம் அதன் அடியில் நிற்க முடிவதே அதனால்தான்.

நின்றவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு நிமிஷத்தில் மனதில் வேறு எதற்கும் இடம் கிடையாது. வீட்டுக் கடன், ஆபீஸ் தகராறு எல்லாம் போயே போய்விடும். "இந்தக் கணத்தில் இருங்கள்" என்று இன்றைக்கு ஆயிரம் பேர் வகுப்பெடுக்கிறார்கள் இல்லையா, குற்றாலம் அதைக் காசு வாங்காமல் செய்துவிடுகிறது. மூச்சு முட்டும்போது யாரும் நேற்றைப் பற்றி யோசிப்பதில்லை.

ஆனால் ஒரு இடத்தில் முழுசாக இருப்பது என்றால் இவ்வளவுதானா? கணத்தில் இருப்பதும் இடத்தில் இருப்பதும் ஒன்றா? இதே ஊரில், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட ஒரு புத்தகம் இந்தக் கேள்வியை நம்மைவிட நன்றாக யோசித்திருக்கிறது என்பது என் எண்ணம். அது திருக்குற்றாலக் குறவஞ்சி. அதை அப்படி வாசித்துப் பார்க்கிற முயற்சிதான் இந்தக் குறிப்பு.

எழுதியவர் திரிகூட ராசப்பக் கவிராயர், பக்கத்து மேலகரத்துக்காரர். குற்றாலத்துக்குத் தலபுராணமும் பாடியவர். குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் நின்றுவிட்டது. அந்த நாயக்கரின் ஆட்சி 1706 முதல் 1732 வரை. எனவே நூல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது.

இன்றைக்கு இந்த நூல் எப்படிப் புழங்குகிறது? குரங்குகளும் பழங்களும் அருவியும் வருகிற மலைவளப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் மனப்பாடம் செய்தது. பேச்சுப் போட்டியில் குற்றாலம் என்று ஆரம்பித்தால் அடுத்து அதுதான் வரும். சுற்றுலாக் கட்டுரை எழுதுகிறவர்களும் முதல் பத்தியில் அதை ஒட்டிவிடுவார்கள். இரண்டாவதாகத் தெரிந்தது சிங்கனும் சிங்கியும் நகைகளை வைத்துப் பேசிக்கொள்கிற உரையாடல். அதை நகைச்சுவைத் துணுக்கு மாதிரி ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இப்படிப் பிய்த்து எடுக்கும்போது ஒன்று காணாமல் போகிறது. அந்த மலைப் பாட்டை யார், யாரிடம், எங்கே வைத்துச் சொல்கிறார்கள் என்பது. அதை அஞ்சலட்டைப் படம் மாதிரி, கவிஞர் அருவிக்கரையில் நின்று பாடியதாக நினைத்துக்கொள்கிறோம். நூலில் அப்படி இல்லை. அதைச் சொல்பவள் குறத்தி. கேட்பவள் வசந்தவல்லி. இடம் ஊருக்குள். மலை அந்த இடத்தில் பேச்சில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம், வசந்தவல்லி குற்றாலத்துக்காரி. மலையடிவாரத்தில்தான் குடியிருக்கிறாள். தலையை நிமிர்த்தினால் மலை தெரியும். அவள்தான் வெளியே சுற்றிவிட்டு வந்த ஒருத்தியிடம் "உன் மலையைப் பற்றிச் சொல்லு" என்று கேட்கிறாள். உள்ளூர்க்காரி கேட்கிறாள், நாடோடி சொல்கிறாள். இது குறவஞ்சி என்கிற இலக்கிய வகையின் வழக்கம், எல்லாக் குறவஞ்சியிலும் வரும் என்று சொல்லிவிடலாம்தான். வழக்கம்தான். ஆனால் வழக்கத்தை வைத்துக்கொண்டு கவிராயர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நூலை முழுசாகப் படித்தால் குற்றாலத்தில் இருப்பதற்கு நாலு விதம் அதில் தெரிகிறது.

முதலாவது, கடந்து போகிறவர். திரிகூடநாதர் பவனி வருகிறார். எல்லோரும் பார்க்கிறார்கள், அவர் போய்க்கொண்டே இருக்கிறார். முழு நூலையும் கிளப்பிவிடுகிறவர் அவர்தான், ஆனால் நின்று ஒரு வார்த்தை பேசுவது கிடையாது.

இரண்டாவது, பார்த்து ஸ்தம்பித்தவள். வசந்தவல்லி பந்தாடிக்கொண்டிருக்கும்போது பவனி வருகிறது. பார்க்கிறாள். அந்த ஒரு கணத்தோடு அவள் பழைய வாழ்க்கை முடிந்தது. அப்புறம் நிலாவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள், மணலில் கூடல் இழைத்துப் பார்க்கிறாள், பாங்கியைத் தூது விடுகிறாள். கணத்தில் இருப்பதன் உச்சம் அது. விளைவு என்னவென்றால், அதற்குப் பிறகு அவளால் எதையும் இயல்பாகப் பார்க்க முடியவில்லை. குற்றாலத்தின் தென்றலை யாராவது திட்டுவார்களா? அவள் திட்டுகிறாள். சுற்றியிருக்கிற ஊரே அவளுக்குத் தன் நோயின் அறிகுறியாக மாறிவிட்டது.

மூன்றாவது, நடந்து தெரிந்துகொண்டவள். குறத்தி. அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன்.

நாலாவது, தேடுகிறவன். அவள் புருஷன் சிங்கன். நூவன் என்கிற கூட்டாளியோடு பறவை பிடிக்க வந்திருக்கிறான். என்னென்ன பறவை வருகிறது, எங்கே இறங்குகிறது என்று அடுக்கிச் சொல்லத் தெரிந்த கைதேர்ந்த வேட்டைக்காரன். ஆனால் கண்ணி வைக்கும்போதே நினைப்பெல்லாம் சிங்கி மேல். பறவை தப்பிவிடுகிறது. உடம்பு இங்கே, மனம் எங்கேயோ. நம்மில் பலரும் சிங்கன்தான். அருவிக்கரையில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் வேறு யாரையோ தேடிக்கொண்டிருக்கிறோம். கவிராயர் அவனைக் கண்டித்து ஒரு பாட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சிரிக்கிறார், கூடவே அவனுடைய ஏக்கத்துக்கு நல்ல சந்தமும் கொடுக்கிறார். கவனம் சிதறியவனைக் குற்றவாளியாக்காத இந்தப் பெருந்தன்மை நம் காலத்து அறிவுரைக்காரர்களிடம் கிடையாது.

இப்போது குறத்தி. அவள் மலையைச் சொல்கிற பாட்டில் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிற பகுதி ஒன்று உண்டு. மலைகளை அவள் உறவுமுறை வைத்துச் சொல்வாள். கொல்லிமலை தங்கைக்கு உரியது, பழனி புருஷனுடைய காணி, விந்தியம் அப்பாவுடையது, இமயம் அண்ணனுடையது என்று போகும். இதை மிகைப்பேச்சு என்று சிரித்துவிடலாம். எனக்கு அது ஒரு வரைபடமாகத் தெரிகிறது. நம்முடைய வரைபடத்தில் இடத்துக்கும் இடத்துக்கும் நடுவில் கிலோமீட்டர் இருக்கும். அவளுடையதில் சொந்தபந்தம் இருக்கிறது. எந்த மலைக்குப் போனாலும் அவளுக்குச் சோறு போட ஒரு ஆள் உண்டு. வழியெல்லாம் வீடு உள்ளவள் சுற்றுகிற சுற்று வேறு, ஓட்டல் அறை பதிவு செய்துவிட்டு நாம் போகிற பயணம் வேறு.

அடுத்தது நகைகள். கடைசியில் சிங்கன் அவளைக் கண்டுபிடித்ததும், காலில் சுற்றியிருப்பது என்ன, விரலில் கிடப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். இதெல்லாம் ஏது என்கிற சந்தேகம் அவனுக்கு. அவள் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்வாள். இந்தச் சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கியது என்கிற மாதிரி. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும், சரிதான். ஆனால் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். அவள் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நகையும் ஒரு ஊரில் உழைத்து வாங்கிய கூலி. அந்த நகைகள்தான் அவளுடைய பயணக் குறிப்பேடு. நாம் போன இடத்திலிருந்து ஞாபகார்த்தமாக எதையாவது விலைக்கு வாங்கி வருகிறோம். அவளோ போன இடத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக நகை வாங்கி வந்திருக்கிறாள்.

அவள் கொடுத்தது என்ன? பேச்சு. எதிரே இருப்பவரை உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு. வசந்தவல்லியின் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, இவளுக்குக் காய்ச்சல் இல்லை, காதல்தான் என்று கண்டுபிடிக்கிறாள். யார் மேல் என்று கேட்டால் பெயரை உடைத்துச் சொல்லாமல் சிலேடையில் விளையாடி, அந்தப் பெண் கோபித்து, வெட்கப்பட்டு, தானே ஒத்துக்கொள்ளும்படி செய்கிறாள். குறி என்பது மூடநம்பிக்கை என்று நாம் ஒதுக்கலாம். இந்தக் காட்சியில் நடப்பது வேறு. இத்தனை நேரம் தோழிகளோ நிலாவோ தென்றலோ தர முடியாத ஒன்றை அவள் தருகிறாள். வசந்தவல்லியை ஒரு ஆள் முழுசாக உட்கார்ந்து கவனிக்கிறது. கூட இருப்பது என்றால் என்ன என்பதற்கு நூலில் உள்ள ஒரே உதாரணம் இந்த இடம்தான். அதைச் செய்கிறவள் ஊரில் தங்காதவள்.

மலை தெரிந்தவள் சொல்லைக் கேட்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சீசனே தொடங்காத கோடை நாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கணத்தில்தான் இருந்தார்கள். மேலே மலையில் பெய்த மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அருவி என்பது கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் பெய்த மழை. அதைத் தெரிந்துகொள்ள மேலே நடந்தவர் யாராவது வேண்டும், அவர் சொல்வது கீழே வந்து சேரவும் வேண்டும். இந்தக் கணம், இந்தக் கணம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மலையின் மேல்பாதி நமக்கு இல்லாமலே போய்விடும்.

இதுவரை நூலைப் புகழ்ந்தாயிற்று. ஒரு சிக்கலையும் பேச வேண்டும். இந்தக் குறத்தியின் வாயில் இருப்பது யாருடைய தமிழ்? கோயிலைச் சார்ந்து வாழ்ந்த, மன்னரிடம் நிலம் வாங்கிய ஒரு சைவப் புலவருடைய தமிழ். நாட்டுப்புற மெட்டை எடுத்து, அதில் புராணத்தையும் தலப்பெருமையையும் ஏற்றியிருக்கிறார். குறத்தியின் மலைகூடக் கடைசியில் திரிகூடநாதரின் மலை என்றுதான் முடியும். நிஜமான ஒரு குறத்தி தன் மலையைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்பது இந்த நூலில் கிடையாது. அவள் பெயரில் கிடைத்த நிலமும் புலவருக்குத்தான் போனது.

அதோடு முடியவில்லை. பிரிட்டிஷ் அரசு 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவர்களில் குறவர் குழுக்களும் உண்டு. கைரேகை எடுப்பது, போலீசில் ஆஜராவது, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்குவது என்று அவர்களுடைய நடமாட்டமே கண்காணிப்புக்கு உள்ளானது. மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகச் சொல்கிறது. கடற்கரை உப்பையும் தானியத்தையும் சுமந்துபோய் உள்நாட்டு ஊர்களில் விற்றுவந்த மக்கள் அவர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்த வியாபாரத்தை உடைத்தன. அதன் பிறகு அவர்கள் சுற்றித் திரிவதே குற்றத்துக்கு அடையாளமாக ஆக்கப்பட்டது.

சங்கப் பாட்டுக் குறவரையும், குறவஞ்சிச் சிங்கியையும், போலீஸ் பதிவேட்டில் ஏறிய குடும்பங்களையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடக் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு காலம், வேறு வேறு வாழ்க்கை. ஆனால் ஒரு தேதியை மட்டும் கவனியுங்கள். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். தமிழ் நாட்டிய வரலாற்றில் முக்கியமான நிகழ்வு அது. அதே வருஷம், அதே சென்னை மாகாணத்தில், அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மேடையில் குறத்தி சேலத்துச் சிலம்பு போட்டு ஆடலாம். நிஜத்தில் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒரு குறத்தி சேலத்துக்குப் போக சீட்டு வாங்க வேண்டும். நாடு முழுவதும் அந்தச் சட்டம் போனது 1952இல்தான்.

மேடையேற்றியவர்கள் மேல் குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. நமக்குப் பயணம் பண்பாடு ஆனதும், அவர்களுக்குப் பயணம் குற்றம் ஆனதும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது. இன்றைக்கும் முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவரைப் பார்த்து "வாழ்றாம்ல!" என்று பொறாமைப்படுகிறோம். கோயில் வாசலில் கையைப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்கிற பெண்ணை "போம்மா, போம்மா" என்று விரட்டுகிறோம். குறவஞ்சியை இன்று வாசிப்பதென்றால் இந்த முரணோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

குற்றாலத்தைப் பற்றி எழுதினால் ரசிகமணி டி.கே.சி.யைத் தாண்டிப் போக முடியாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தன் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசியவர். பிறகு குற்றாலத்துக்கே வந்து தங்கிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். 1954இல் இறக்கும் வரைக்கும் குற்றாலம் என்றால் பலருக்கு டி.கே.சி.யும்தான். அவர் முறை எளிமையானது. பாட்டைச் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அதன் உருவம் காதில் பிடிபட வேண்டும். உரை, இலக்கணக் குறிப்பு எல்லாம் அதற்கப்புறம். கவிதையை ஒரு அருவி மாதிரி அனுபவிக்கச் சொன்னவர் அவர். படித்தவர்கள் மட்டும் அச்சத்தோடு தொட்டுக்கொண்டிருந்த கம்பனைச் சாதாரண வாசகர் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதே முறைதான் அவரை வேறொரு இடத்துக்கும் கொண்டுபோனது. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் தன் காதுக்கு ஒட்டாதவற்றைக் கம்பனுடையவை இல்லை என்று தள்ளினார். சில இடங்களில் சொற்களையும் தன் ரசனையின்படி திருத்தினார். அறிஞர்கள் எதிர்த்தார்கள், நியாயமான எதிர்ப்புதான். சுவடியில் என்ன இருக்கிறது, எத்தனை சுவடியில் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு உழைப்பு. காதை மட்டும் நம்புவது வேறு. இந்தக் கணத்தில் எனக்கு உண்மையாகப் படுவதே உண்மை என்று போனால், எனக்கு முன்னால் இருந்தவர்களின் குரல் அழிந்துபோகும். வசந்தவல்லி தென்றலைத் திட்டியதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ரெண்டு பேருமே தன் அனுபவத்தின் தீவிரத்தை வைத்து உலகத்தை அளக்கிறார்கள்.

அப்படியென்றால் ரசனையை விட்டுவிடுவதா? வேண்டாம். ஆய்வு மட்டும் செய்து பாட்டைச் சொல்லிப் பார்க்காதவர்கள் எழுதிய குறவஞ்சிக் கட்டுரைகளும் எத்தனையோ படித்திருக்கிறேன். குறவஞ்சியின் உறுப்புகள் இத்தனை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். சிங்கனின் ஏக்கம் எந்தச் சந்தத்தில் நடக்கிறது என்று ஒரு வார்த்தை இருக்காது. டி.கே.சி.யின் காதும் வேண்டும், சுவடி பார்க்கிற கண்ணும் வேண்டும். ரெண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். அதனால்தான் ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்க வேண்டியிருக்கிறது.

கண்ணைப் பற்றிப் பேசுவதற்குக் குற்றாலத்திலேயே இடம் இருக்கிறது. பேரருவிப் பக்கத்துக் குற்றாலநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பலர் சித்திர சபையைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். அது தனியாக, முன்னால் ஒரு தெப்பக்குளத்தோடு அமைதியாக நிற்கிறது. நடராசருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் செம்பு, திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். மற்ற நாலுக்கும் பெயர் ஒரு உலோகத்தாலோ கல்லாலோ வந்தது. இங்கே சுவரில் வண்ணத்தால் தீட்டிய உருவத்தையே கும்பிடுகிறார்கள். சுற்றிலும் சுவர் நிறையப் புராணக் காட்சிகள்.

செப்புத் திருமேனியைப் பல்லக்கில் ஏற்றித் தெருவில் கொண்டு வரலாம். சுவர் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நாம்தான் அதனிடம் போக வேண்டும். போனாலும் ஒரே பார்வையில் பிடிபடாது. வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு நிறம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு கோடு தெரியும், பிறகு இது இன்ன கதை என்று தெரியும். கதை முன்னமே தெரிந்திருந்தால் தெரியும். தெரியாதவர் யாரிடமாவது கேட்க வேண்டும். கவிராயரின் நூலில் கடவுள் கடந்து போகிறார், பார்த்தவள் நிலைகுலைகிறாள். சித்திர சபையில் கடவுள் நகருவதில்லை, பார்க்கிறவர்தான் சுவரோரமாக நகர வேண்டும். ஒரே ஊரில் இரண்டு விதப் பார்வைக்கும் பயிற்சி இருக்கிறது. நாம் ஏனோ முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் தென்காசி. உள்ளே நுழைகிறவர்களைக் கோபுரவாசல் காற்று தள்ளும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சீசனில் அது வெறும் பேச்சில்லை, வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிவிட்ட பாண்டியர் மரபைச் சேர்ந்தவன். அவன் விட்டுப்போன பாட்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கருத்து இதுதான்: இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றப் போகிறவர் யாராக இருந்தாலும், அவரை இப்போதே நான் வணங்குகிறேன்.

பெரும்பாலும் கல்வெட்டு என்றால் ராஜா தன் பெருமையைச் சொல்வார், அழித்தவனுக்குச் சாபம் விடுவார். இவன் இன்னும் பிறக்காத ஒரு ஆளின் காலில் விழுகிறான். பழுது வரவும் செய்தது. ராஜகோபுரம் சிதைந்து பல தலைமுறைக்கு மொட்டையாக நின்றது. இப்போது நாம் பார்க்கிற ஏறத்தாழ 180 அடிக் கோபுரம் திரும்பக் கட்டப்பட்டு 1990இல் குடமுழுக்கு நடந்தது. சுமார் ஐந்நூறு வருஷம் கழித்து அந்தக் கும்பிடு சேர வேண்டியவர்களிடம் சேர்ந்திருக்கிறது.

குறவஞ்சியைப் படித்துவிட்டு இந்தக் கல்வெட்டைப் படித்தால் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது போல இருக்கிறது. குறத்தி தனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவளைக் கவனிக்கிறாள். பாண்டியன் தனக்குப் பின்னால் வரப்போகிறவரைக் கவனிக்கிறான். ரெண்டு பேருக்குமே இடம் என்பது தனக்கும் அந்தக் காட்சிக்கும் மட்டும் உள்ள தனிப்பட்ட விவகாரம் இல்லை. நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறார். என்னைக் கேட்டால், இடத்தில் இருப்பதற்கும் கணத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இன்னொரு ஆள்தான்.

குறவஞ்சி கையில் இருந்தால் அடுத்த முறை குற்றாலம் போகும்போது பையில் எடுத்துப் போங்கள். தண்ணீர் விழாத பங்குனி, சித்திரையில் போனால் இன்னும் நல்லது. கடைகள் பாதி மூடியிருக்கும், பாறை தெரியும், ஊரில் பேச ஆள் கிடைக்கும். மலைவளப் பாட்டை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாமல், வசந்தவல்லி கேட்கிற இடத்திலிருந்து ஆரம்பித்துச் சிங்கி நகைக்குக் கணக்குச் சொல்லி முடிக்கிற இடம் வரை வாய்விட்டுப் படியுங்கள். ரெண்டு மணி நேரம் போதும். படித்து முடித்ததும் பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கிறவரிடமோ, மலைக்கு மேலே போய் வருகிறவரிடமோ, இந்த வருஷம் மேலே மழை எப்படி என்று கேளுங்கள். தண்ணி விழுதா என்கிற கேள்வியைவிட அது கொஞ்சம் நீளமான கேள்வி, அவ்வளவுதான். பதிலும் நீளமாக வரும், உட்கார்ந்து கேட்க நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.